மக்கட்பெருக்கமும் நம் கிணறுகளும்

மக்கள் பெருகினால் நிலம் தாங்காது, நீர் போதாது, காடு அழியும் என்று பலரும் கூறுகின்றனர். சங்கக் கூட்டங்களிலும் இப்பேச்சு அடிக்கடி எழுகின்றது. கிணறு வற்றிவிட்டதென்று ஓர் அங்கத்தினர் முறையிட்டால், "ஜனம் பெருகிவிட்டது, என்ன செய்வது?" என்று மற்றொருவர் விடை கூறுவார். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். இவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் நிலைமையைக் கொண்டு ஈண்டுக் கணக்கிட்டுப் பார்ப்போம். வரவு செலவு பார்ப்பது நம் அங்கத்தினர்களுக்குப் புதிய தொழிலன்று. ஆனால் நிலத்தடி நீருக்கு மட்டும் இதுவரை யாரும் ஐந்தொகை தயாரித்ததில்லை.

முதலில் தலைக்கணக்கு. 1951ஆம் ஆண்டில் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3 கோடி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 7 கோடியே 21 லட்சம். கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்திய விழுப்புரம் மாவட்டத்தில் 2001இல் 29 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருந்தனர். பத்தே ஆண்டில் 34 லட்சத்து 58 ஆயிரம் பேர் ஆயினர். பெருக்கம் உண்மையே, மறுப்பதற்கில்லை.

ஆயினும் பெருக்கத்தின் வேகம் இப்போது பெரிதும் தணிந்துவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்தாம். மக்கட்தொகை குறையாமல் நிலைத்து நிற்பதற்கே 2.1 வேண்டும் என்பர். நம் தாய்மார்கள் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டனர் எனலாம். தொட்டில்கள் குறைந்தும் துளைக்கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போவதேன்?

1798ஆம் ஆண்டில் மால்தஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், உணவு பெருகுவதைவிட மக்கள் விரைவாகப் பெருகுவர், ஆதலின் பஞ்சமும் நோயும் தவிர்க்க முடியாதவை என்று எழுதினார். பின்னர் அவர், கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். அக்கல்லூரியில் கற்றவர்கள் பலர் நம் நாட்டை ஆள வந்தனர். 1876-78இல் தாது வருடப் பஞ்சம் வந்தபோது, ஆந்திரப் பகுதிகளும் மலையாளப் பகுதிகளும் சேர்ந்திருந்த சென்னை ராஜதானி முழுவதிலும் இருந்த மக்கள் ஏறத்தாழ 3 கோடியே; இன்றைய தமிழ்நாட்டின் தொகையில் பாதிக்கும் குறைவு. எனினும் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். அவர்கள் மடிந்துகொண்டிருந்தபோதே துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிச் சென்றது. தலைகளின் எண்ணிக்கை மட்டும் பஞ்சத்தை உண்டாக்குவதில்லை. எவ்வளவு எடுக்கப்படுகின்றது, யார் எடுக்கின்றனர், எங்கே செல்கின்றது என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இன்றைய உலகிலும் அவ்வாறே. ஓர் அமெரிக்கர் ஓராண்டில் வெளியேற்றும் கரியமில வாயு ஏறத்தாழ 14 டன். ஓர் இந்தியர் வெளியேற்றுவது சுமார் 2 டன். இருவரையும் தலைக்கு ஒன்றென எண்ணினால் கணக்கு எங்ஙனம் சரியாகும்?

ஓர் ஏக்கரின் வரவு

இனி நம் நிலத்திற்கு வருவோம். விழுப்புரம் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்துவிடும். ஓர் ஏக்கர் பரப்பில் 1,000 மில்லிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர் நீர். இதில் பெரும்பகுதி ஆவியாகவும் பயிருக்கும் மரத்துக்கும் செல்லும். ஒரு பகுதி ஓடிவிடும். பாறை நிலத்தில் பூமிக்குள் இறங்கிச் சேருவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஓர் ஏக்கரின் நிலத்தடி வரவு ஆண்டுக்கு 4 லட்சம் லிட்டர்.

அந்த ஏக்கரில் எத்தனை பேர் வாழ்கின்றனர்? 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 பேர். அதாவது ஏக்கருக்கு இரண்டு பேர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் தாராளமாகக் கொடுத்தாலும், இருவருக்கு ஓராண்டில் 73,000 லிட்டர்தான் ஆகின்றது. வரவு 4 லட்சம். வீட்டுச் செலவு 73,000. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! இத்தகைய வரவு செலவைச் சமர்ப்பிக்கும் சங்கத்தைத் தணிக்கையாளர் பாராட்டிவிட்டே செல்வார்.

ஆகவே கிணற்றை வற்றச் செய்தது வாய்கள் அல்ல என்பது தெளிவு. நகரங்களில் இக்கணக்கு வேறாகும். 2011இல் விழுப்புரம் நகரில் 96,000 பேரும் திண்டிவனத்தில் 72,000 பேருக்கு மேலும் சிறிய பரப்பில் நெருங்கி வாழ்ந்தனர். திண்டிவனம் என்ற பெயர் புளியங்காடு என்னும் பொருளுடைய 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பர். இன்று அங்கே காட்டைத் தேடிக் காண்பதரிது. நகரத்திற்கு வேண்டிய நீரும் சுற்றுப்புற நிலங்களிலிருந்தே வர வேண்டும். ஆனால் கிராமங்களை நோக்கினால், நாடு முழுவதும் நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பாசனத்திற்கே செல்கின்றது.

செலவுப் பக்கம்

பயிர்களின் நீர்த்தேவையை வேளாண்மைத் துறையினர் மில்லிமீட்டரில் கூறுவர். அதனை ஏக்கருக்கு லிட்டராக மாற்றினால், கரும்புக்குச் சுமார் 80 லட்சம். நெல்லுக்கு 48 லட்சத்தை ஒட்டி. மணிலாவுக்கு 20 முதல் 25 லட்சம். கேழ்வரகு, எள், உளுந்து இவற்றுக்கு இன்னும் குறைவு. கரும்பின் தேவையில் பாதியை மழையே கொடுத்துவிட்டதாகக் கொண்டாலும், மீதி 40 லட்சம் லிட்டர் கிணற்றிலிருந்து வர வேண்டும். ஓர் ஏக்கரின் வரவோ 4 லட்சம். எனவே ஓர் ஏக்கர் கரும்பு தன்னைச் சுற்றியுள்ள பத்து ஏக்கரின் வரவை உண்டுவிடுகின்றது. பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் பூமிக்குள் இறங்குமே என்று விவரமறிந்த அங்கத்தினர் கேட்கலாம். சரியான கேள்வியே, நெல் வயலில் அது கணிசமான பங்கு. ஆயினும் அதனைக் கழித்த பின்னரும் பற்று மிகுந்தே நிற்கின்றது.

கரும்பு பயிரிடலாகாது என்று கூறுவது நம் நோக்கமன்று. பெரியசெவலைச் செங்கல்வராயன் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் முண்டியம்பாக்கத்துத் தனியார் ஆலையும் எத்தனையோ குடும்பங்களில் கல்யாணத்தை நடத்தி வைத்தன. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பின. ஆனால் அச்சர்க்கரையை உண்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 40 டன் கரும்பு, அதில் 4 டன் சர்க்கரை என்று கொண்டால், ஒரு கிலோ சர்க்கரைக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் நீர் ஆகின்றது. இந்தியாவில் தலைக்கு ஆண்டொன்றுக்கு, இனிப்புப் பண்டங்களிலும் பானங்களிலும் சேர்வது உட்பட, சுமார் 20 கிலோ சர்க்கரை செலவாகின்றது. அதற்கு 40,000 லிட்டர்! அவரே வீட்டில் குடித்துக் குளித்துத் துவைக்கும் ஆண்டு முழுவதற்குமான 36,500 லிட்டரைவிட அது அதிகம். சென்னையில் ஒருவர் காலைக் காப்பியில் இடும் சர்க்கரை, விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிணற்றிலிருந்து மொண்டதாகவும் இருக்கலாம்.

பாறையும் மோட்டாரும்

பூமிக்கு அடியில் பெரிய ஏரி ஒன்று இருப்பதாகவும், இன்னும் நூறு அடி இறக்கினால் அதனைத் தொட்டுவிடலாம் என்றும் பலர் எண்ணுகின்றனர். மாவட்டத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் கடும்பாறை. அதன் மேற்புறத்தே சிதைந்த பாறை சில மீட்டர் கனத்தில் கிடக்கின்றது. நீர் தங்குவது முக்கியமாக அதில்தான். அங்கும் நூறு பங்குக்கு இரண்டு பங்களவே கிணற்றுக்கு விடும் நீர். ஓர் ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைத்திருப்பது 80,000 லிட்டர்தான். அதற்குக் கீழே துளையிடுவோர் காண்பது பாறைப் பிளவுகளில் உள்ள நீர். அந்தப் பிளவு பக்கத்து நிலத்தானின் கிணற்றுக்கும் ஊற்றாக இருப்பதே பெரும்பான்மை.

கவலை ஓட்டிய காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நின்றது. அதுவே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. மோட்டார் களைப்பதில்லை. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருகின்றது. தமிழ்நாட்டில் இன்று 20 லட்சத்திற்கும் மேற்பட்ட விவசாய மின்னிணைப்புகள் உள்ளன. இச்சலுகை பல சிறு விவசாயிகளை நிலத்தில் நிறுத்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விலையில்லாத பொருளுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. ஒரு யூனிட் மின்சாரம், பாதி வீணாயிற்று என்று கொண்டாலும், 10 மீட்டர் ஆழத்திலிருந்து சுமார் 18,000 லிட்டர் நீரை மேலேற்றும். நீர் 100 மீட்டரில் இருந்தால் அதே யூனிட் 1,800 லிட்டரையே ஏற்றும். மீட்டர் இல்லாததால் இந்த நஷ்டம் விவசாயியின் கண்ணில் படுவதில்லை.

இங்கேதான் கூட்டுறவாளர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நிலத்தடி நீர் வற்றும்போது அனைவருடைய கிணறும் ஒரே நாளில் வற்றுவதில்லை. முதலில் வற்றுவது ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரின் ஆழமில்லாத கிணறு. அவர் நகையை வைத்தோ வெளியில் வட்டிக்கு வாங்கியோ துளையிடுகின்றார். நீர் கிடைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் பிழைப்பு. பின்னர் அண்டை நிலத்தார் அதைவிட ஆழமாக இறக்குகின்றார். சிறியவர் மறுபடி துளையிட வழியின்றி நிலத்தைத் தரிசு போட்டுச் சென்னைக்குக் கட்டட வேலைக்குச் செல்கின்றார். சங்கத்தின் தவணை தவறிய கடன் பட்டியலை நாம் புரட்டும்போது, அதில் உள்ள பெயர்கள் பலவற்றுக்கும் வற்றிய கிணறுகளுக்கும் உள்ள தொடர்பு புலனாகின்றது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. பேரேட்டில் இருந்த பற்று நீங்கியது; கிணற்றில் இருந்த பற்று நீங்கவில்லை.

பயிர்க்கடன் அளவிலும் ஒரு முரண்பாடு உண்டு. ஏக்கருக்கு வழங்கும் தொகை கரும்புக்கு மிகுதி, மணிலாவுக்குக் குறைவு. சாகுபடிச் செலவைப் பார்த்து வகுத்தது அது. நீரைப் பார்த்து வகுத்ததன்று. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'டி.எம்.வி.' மணிலா ரகங்களும் எள் ரகங்களும் நாடெங்கும் பேர் பெற்றவை. அப்பெயரே திண்டிவனத்தின் சுருக்கந்தான். மானாவாரியில் நின்று விளையும் அத்தகைய பயிரை வைத்துக்கொண்டு நாம் நீருக்குத் தவிப்பது வருந்தத்தக்கது.

ஏரி எதற்கு?

பாறை நிலத்தில் மழைநீர் தானாக இறங்குவது சொற்பம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலின் ஓடும் நீரைக் கரையிட்டு நிறுத்தினர். தமிழ்நாட்டில் ஏரிகள் ஏறத்தாழ 39,000. ஏரிநீர் மதகு வழியே ஆயக்கட்டுக்குப் பாய்ந்தது மட்டுமன்று. அடியில் கசிந்து சுற்றிலும் உள்ள கிணறுகளுக்கு வரவாகவும் சேர்ந்தது. கிணறு வந்ததும் ஏரியை மறந்தோம். மோட்டார் வைத்திருப்பவருக்கு வரத்துவாய்க்கால் தூர்ந்தால் என்ன, கலங்கல் உடைந்தால் என்ன? நீர்க்கட்டிக்குக் கொடுக்கும் நெல்லும் நின்றது. பின்னர் மக்கள் பெருகி மனை தேவைப்பட்டபோது, காலியாகக் கிடந்த ஏரி நிலமே கண்ணில் பட்டது. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் ஏரியில் எழுந்தது என்பதை ஊரார் அறிவர். கனமழை பெய்தால் பேருந்துகள் நீரில் நிற்பதையும் அறிவர். மக்கட்பெருக்கம் உண்மையில் கேடு விளைத்தது இவ்விடத்தில்தான்: குடித்த நீரால் அன்று, குடியேறிய இடத்தால்.

2024ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது, டிசம்பர் 1ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு மழையில் பாதி, ஒரே நாளில்! அடுத்த நாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. கடலில் சென்று கலந்த அந்த நீரை நிறுத்த இடமிருந்திருந்தால் எத்தனை கிணறுகளின் பற்று தீர்ந்திருக்கும்!

கிழக்கே கடலை ஒட்டிய வானூர், மரக்காணம் பகுதிகளில் ஆபத்து வேறு வகையானது. அங்கே பாறைக்குப் பதில் மணற்கல்லும் மணலும் உள்ளன. நீர் நிறையத் தங்கும். ஆனால் நன்னீர் உப்புநீரின் மீது மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்புநீர் 40 அடி வரை ஏறக்கூடும் என்பது நீரியல் விதி. உப்பேறிய கிணற்றைப் பல மழைகள் பெய்தும் திருத்துவது கடினம். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரியைச் சுற்றியுள்ள உழவர்கள் இதனை மனத்திற்கொள்வது நலம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அடுத்த கடற்கரையிலும் இதே துன்பம் நேர்ந்தது. அங்கே கிணறு வைத்திருந்தோர் கூடிப் பேசி, தத்தம் இறைப்பைக் குறைத்துப் பங்கு வகுத்துக்கொண்டனர். கரையோரக் கிணறுகளில் நன்னீரைச் செலுத்திக் கடலைத் தடுத்தனர். அதனை ஆராய்ந்து 1965இல் பட்டம் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், பொதுச் சொத்தைப் பயனாளிகளே கூடி ஆள முடியும் என்று காட்டியமைக்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

நெசவாளருக்கு என்ன?

தறியில் அமர்ந்திருப்போர், கரும்பும் கிணறும் தமக்கு எதற்கு என்று கேட்கலாம். பருத்திக்கும் நீர் வேண்டும். ஒரு கிலோ பருத்தித் துணி உருவாக உலகச் சராசரியில் 10,000 லிட்டர் வரை ஆகின்றது. அரைக் கிலோ எடையுள்ள சேலைக்கு 5,000 லிட்டர். பத்தாண்டு உழைக்கும் சேலையில் அது ஆண்டுக்கு 500 லிட்டர். ஆறே மாதத்தில் சாயம் போய்க் கிழியும் துணியிலோ அத்தனையும் வீண். கைத்தறிச் சேலைக்கு விலை அதிகம் என்று முகஞ்சுளிப்போரிடம் விற்பனையாளர் இக்கணக்கைத் தயங்காமல் கூறலாம்.

சாயத்தில்தான் நெசவுத் தொழிலின் பொறுப்பு உள்ளது. திருப்பூரில் உலகம் முழுவதற்கும் பனியன் தைத்தபோது சாயக்கழிவு நொய்யலாற்றில் இறங்கியது. பாசனத்திற்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறக்காதீர் என்று உழவர்களே மன்றாடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. சிறுவந்தாட்டுப் பட்டு நெசவாளரின் சாயத்தொட்டி திருப்பூரோடு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் அத்தொட்டி நீரும் அதே ஊர்க் கிணற்றின் பக்கத்தில்தான் ஊற்றப்படுகின்றது.

சங்கம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலே 2013இல் அது நீக்கப்பட்டது. சட்டத்தை எதிர்பார்த்துக் கிணறு காத்திராது. மகாராஷ்டிரத்தில் ஹிவ்ரே பஜார் என்னும் கிராமம் நம்மில் பாதி மழைகூட இல்லாத ஊர். 1990களில் அவ்வூரார் கூடிப் பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு இடுவதைத் தடுத்துக்கொண்டனர். நீர் மிகுதியாக வேண்டும் பயிர்களை ஒதுக்கினர். மழை முடிந்ததும் கிணறுகளை அளந்து, இவ்வாண்டு எவ்வளவு நீர் உண்டு, எந்தப் பயிரை எத்தனை ஏக்கர் இடலாம் என்று கிராம சபையில் முடிவு செய்கின்றனர். ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தனர்.

சொட்டுநீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் உள்ளது, பெற்றுக்கொள்ள வேண்டியதே. ஆனால் மிஞ்சிய நீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் கரும்பு வைத்தால் பூமிக்கு மிச்சம் ஏதுமில்லை. பலர் அவ்வாறே செய்கின்றனர். ஆதலின் கருவியைவிடக் கணக்கு முந்த வேண்டும் என்பது நம் கருத்து.

சங்கத்தில் ஒரு நீர்ப் பதிவேடு திறக்கலாம். தை மாதத்தில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை, அங்கத்தினர் கிணறுகளில் பத்துப் பதினைந்தைத் தேர்ந்து, கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் அளந்தால் போதும். கிணற்று விளிம்பில் சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். முதல் நாள் மாலையே மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுநாள் விடியலில் அளப்பது சரியான அளவைத் தரும். தை மாத அளவைப் பொதுப்பேரவையில் ஐந்தொகையுடன் சேர்த்துப் படித்து, அதன் பின்னரே அவ்வாண்டின் பயிர்க்கடன் மனுக்களைப் பரிசீலிக்கலாம். கரும்பு நட விரும்புவோர், பதிவேட்டில் தம் பகுதிக் கிணறுகளின் மூன்று ஆண்டு அளவைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கட்டும். ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு நீர் கொடுக்கும் துளைக்கிணற்றையும் பதிவேட்டின் முதல் வரியிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். நிலமில்லாத அங்கத்தினர்களுக்கும் நெசவாளர்களுக்கும் உள்ள கிணறு அது ஒன்றே.